2.4.52 என்ற எண் செய்த குற்றம்

வெள்ளிக்கிழமை மாலை 5.40 மணிக்கு வந்து சேரும் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில் நல்ல செய்தி இருந்ததாக, சர்வர் மேய்த்துப் பிழைக்கும் எவரும் இதுவரை சொல்லி நான் கேட்டதில்லை. இம்முறை வந்தது 114 பக்கம். அதில் சர்வருக்கு ஒன்றாக 31 சிவப்புக் கட்டங்கள், முப்பத்தொன்றுக்கும் காரணம், இணையப் பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருளைப் பற்றிய ஒரே ஒரு வரி: “அப்பாச்சி 2.4.52 பழைய பதிப்பு, உடனடியாகப் புதிய பதிப்புக்கு மாற்றவும்.” அந்த ஒரு வரியை 31 முறை அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் அதே அறிவுரையை இரண்டு பக்கத்துக்கு நீட்டியதில்தான் அறிக்கை அவ்வளவு பெருத்திருந்தது.

உபுண்டு 22.04 என்ற இயங்குதளத்தை வைத்திருக்கும் அனைவருக்கும் இது பழகிப்போன வதை என்பதால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. தணிக்கையாளருக்குத் தேவைப்பட்டது. அதற்கு 1 மணி 10 நிமிடம் ஆயிற்று.

நான் நிதானமாகவே தொடங்கினேன். 2022 ஏப்ரலில் வெளியான அந்த உபுண்டு, அப்பாச்சியின் 2.4.52 பதிப்பை எடுத்துக்கொண்டு அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறது. பிறகு பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்படும் போதெல்லாம், அதை அடைக்கும் வரிகளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழையதில் தைத்துத் தருகிறார்கள். இதற்குப் பேக்போர்ட் என்று பெயர். முன்னெண் அப்படியே இருக்கும், அதன் வாலில் உள்ள எண் மட்டும் வளரும் என்றேன். “புரிகிறது சார், ஆனால் நம்பர் 2.4.52 தானே?” என்றார்.

திரையைப் பகிர்ந்து, பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து, எந்த ஓட்டை எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்று சிவிஇ எண்களோடு (ஒவ்வோர் ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்து, ஒரு மனிதரைத் திருத்திவிட்டோம் என்று நான் ஒரு நிமிடம் பெருமைப்பட்டதும் உண்மை. படித்து முடித்ததும், “எல்லாம் சரி சார், நம்பர் மட்டும் 2.4.52 என்றே காட்டுகிறதே?” என்றார். வேட்டி அதே வேட்டிதான், கிழிசலைத் தைத்தாயிற்று என்றேன். வேட்டி வாங்கிய ஆண்டு எது என்று கேட்காத குறை.

அறிக்கையைத் தயாரித்த ஸ்கேனர் மென்பொருள், ஓட்டை ஏதேனும் உண்மையில் திறந்திருக்கிறதா என்று ஒருமுறையாவது சோதித்ததா என்று கேட்டேன். இல்லையாம். கதவைத் தட்டியிருக்கிறது, “அப்பாச்சி/2.4.52 (உபுண்டு)” என்ற பெயர்ப்பலகையைப் படித்திருக்கிறது, தன்னிடமுள்ள பட்டியலில் அந்த எண்ணைத் தேடியிருக்கிறது, சிவப்பு மையைத் தொட்டுவிட்டது. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, நாடி பிடிக்காமலே சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதித்தரும் வைத்தியம் இது. இந்த வைத்தியத்துக்கு ஆண்டுச் சந்தா வேறு கட்டுகிறோம்.

எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிதாகும் என்ற இந்த நம்பிக்கைக்கு எந்த ஊரில் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்பாச்சியையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் ஆசையாக 2.4.49-க்குத் தாவியவர்களின் சர்வரில்தான், முகவரியில் சில குறியீடுகளை மாற்றி எழுதினால் வெளியாட்கள் உள்ளே இருக்கும் கோப்புகளை எட்டிவிடும் ஓட்டை வந்தது; 2.4.48-இலேயே சோம்பிக் கிடந்தவர்களுக்கு அது இல்லவே இல்லை. அதை அடைக்க அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. அந்த ஒட்டு நிற்கவில்லை. மூன்றே நாளில் 2.4.51 வந்தது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1-க்கு மாறியிருந்தவர்களின் நினைவகம்தான் கேட்டவருக்கெல்லாம் 64 கிலோபைட் வீதம் ஒழுகியது, பழைய 0.9.8-காரர்கள் நனையவில்லை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல் நூலகத்தில் எவரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்வாசல் இருந்ததும் அன்றைய ஆகப் புதிய 5.6.0, 5.6.1 பதிப்புகளில்தான்; தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டிருக்காவிட்டால், அது எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்குமோ. நம் ஸ்கேனராக இருந்தால் அந்த இரண்டுக்கும் பச்சைக் கட்டம் போட்டு, வாழ்த்தும் சொல்லியிருக்கும்.

பழையதே நல்லது என்று நான் வாதிடவில்லை. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற, இணையச் செயலிகள் எழுத உதவும் வேறொரு மென்பொருளுக்கு வந்த பேட்சை (ஓட்டையை அடைக்கும் ஒட்டு) போடாமல் விட்டதால் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. பேட்ச் போட வேண்டும் என்றுதான் நானும் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊதியப் பட்டியல் சர்வரில், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான பேட்ச் இறங்கி, வட்டில் பத்திரமாகத் தூங்குகிறது. ரீபூட் செய்தால்தான் அது விழிக்கும். அந்த இயந்திரமோ 611 நாட்களாக நிற்காமல் ஓடுகிறது. பத்து நிமிடம் நிறுத்த அனுமதி கேட்டால், சம்பள வாரம் என்பார்கள். சம்பளம் முடிந்தால் வரிக்கணக்கு என்பார்கள். அதுவும் முடிந்தால், நன்றாக ஓடுகிற சர்வரை ஏன் நோண்டுகிறீர்கள் என்பார்கள்.

அறிக்கையில் அந்த ஒரு சர்வருக்கு மட்டும் முழுப் பச்சை. ஏனென்று தேடிப் பார்த்தேன். நடுவில் ஃபயர்வால் இருப்பதால் ஸ்கேனரால் அதை எட்டவே முடியவில்லை. பதில் வரவில்லை, ஆகவே குறையும் இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

இதை நான் சொல்ல வாயெடுத்தபோதுதான், 70-ஆவது நிமிடத்தில், தணிக்கையாளருக்கு ஞானம் பிறந்தது. “சார், பேசாமல் அந்த நம்பரை மறைத்துவிடலாமே?”

மறைத்தேன். அப்பாச்சி அமைப்பில் சர்வர்டோக்கன்ஸ் பிராட் என்று ஒரே வரி. 31 சர்வருக்கும் சேர்த்து நான்கு நிமிடம். பெயர்ப்பலகையில் இப்போது அப்பாச்சி என்று மட்டும் இருக்கிறது, உள்ளே ஓடுவது அதே 2.4.52. மறுபடி ஸ்கேன் செய்தார். 31 கட்டங்களும் பச்சை.

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே மாலையில் 31 ஓட்டைகளை அடைத்ததற்காகப் பாராட்டு. கூடவே, மூன்று காலாண்டுகளாக ஒரு குறையும் காணப்படாத ஊதியப் பட்டியல் சர்வரை மற்ற அணிகளும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்றும், அதை எப்படிப் பராமரிக்கிறோம் என்று நான் இரண்டு பக்கத்தில் எழுதித்தர வேண்டும் என்றும் உத்தரவு. “இதை யாரும் தொடுவதில்லை” என்று முதல் வரியை எழுதிவிட்டு, ஒரு மணி நேரமாகத் தனியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கம் வர வேண்டுமாம்.