எண்ணிக்கைக்குள் அடங்காத கிருமிகள்

ஆபத்தான கிருமிகளையும் நச்சுகளையும் அரசு எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், பூட்டை இன்னும் வலுவாக்குங்கள் என்ற பதில்தான் முதலில் வருகிறது. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் துறையில் மிக விரிவான சட்டங்களை வைத்திருக்கும் அமெரிக்காவின் முப்பது ஆண்டு அனுபவத்தைப் படித்துப் பார்த்தால், அந்தச் சட்டங்கள் வெளியிலிருந்து வரும் திருடனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதும், பின்னர் நாட்டை உலுக்கிய நிகழ்வுகளில் பல, கதவைத் திறக்க முறைப்படி உரிமை பெற்றவர்களின் கைகளிலிருந்தே தொடங்கின என்பதும் தெரிகிறது.

கதை 1995இல் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலத்தில் ஒருவர், இல்லாத ஆய்வகம் ஒன்றின் பெயரைக் காட்டி, நுண்ணுயிரிகளைச் சேமித்து விற்கும் நிறுவனத்திடமிருந்து பிளேக் கிருமி அடங்கிய மூன்று குப்பிகளை அஞ்சலில் வரவழைத்துக்கொண்டார். பிளேக் கிருமியை வைத்திருப்பது அப்போது குற்றமே அன்று. பொய் சொல்லி வாங்கிய மோசடிக்காக மட்டுமே அவர்மீது வழக்குத் தொடர முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டமும் 1997இல் நடைமுறைக்கு வந்த விதிகளும், கிருமி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதை மட்டுமே கண்காணித்தன. ஏற்கெனவே கிருமியை வைத்துக்கொண்டு யாருக்கும் அனுப்பாமல் இருந்த ஆய்வகம், அரசின் கண்ணில் படவே இல்லை. 2001இல் ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்களால் 5 பேர் இறந்து 17 பேர் நோயுற்ற பிறகுதான், அரசின் பட்டியலில் உள்ள ஆபத்தான கிருமிகளையும் நச்சுகளையும் வைத்திருப்பவர்கள் அனைவரும் பதிவு செய்ய வேண்டும், கையாளும் ஒவ்வொருவரின் பின்னணியையும் எஃப்பிஐ ஆராய வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மனிதரைத் தாக்குபவை சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பிலும், கால்நடைகளையும் பயிர்களையும் தாக்குபவை வேளாண்மைத் துறையின் பொறுப்பிலும் வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியலை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

இந்தப் பட்டியலின் உள்ளே ஒரு வேறுபாடு இருக்கிறது. என் கருத்து முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது. நச்சுகளுக்கு அளவு வரம்பு உண்டு. ஓர் ஆய்வாளரின் பொறுப்பில் பொட்டுலினம் நச்சு 1 மில்லிகிராம் வரை, ஆமணக்கு விதையிலிருந்து கிடைக்கும் ரைசினோ குன்றிமணியிலிருந்து கிடைக்கும் ஆப்ரினோ 1000 மில்லிகிராம் வரை இருந்தால் பதிவு தேவையில்லை. இது அறிவுக்கு ஒத்த ஏற்பாடு. ஏனெனில் நச்சு பெருகுவதில்லை. இன்று தராசில் நிறுத்து வைத்தது நாளையும் அதே எடையில் இருக்கும், குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். நுண்ணுயிரிக்கு இப்படி ஒரு வரம்பை எழுதவே முடியாது. ஒரு குப்பியில் உள்ளது ஒரே இரவில் பல குப்பிகளுக்கு ஆகும், ஆய்வில் பாதி செலவாகும், மீதி அழிக்கப்படும். எனவே விதிகளின்படி நீண்டகாலச் சேமிப்பில் உறைநிலையில் இருக்கும் குப்பிகளுக்குத்தான் பதிவேடு எழுதப்படுகிறது. ஆய்வு அதிகாரி வந்து பதிவேட்டையும் உறைபெட்டியையும் ஒப்பிட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று கையொப்பமிட்டுச் செல்லலாம். அந்த எண்ணிக்கை, குப்பிகள் தொலையவில்லை என்பதற்குச் சான்று. கிருமி வெளியேறவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. தங்கத்துக்காக எழுதிய கணக்கு முறையை உயிருள்ள ஒன்றுக்குப் பொருத்தியிருக்கிறோம்.

2001 கடிதங்கள் பற்றிய புலனாய்வே இதற்கு எடுத்துக்காட்டு. ஃபோர்ட் டெட்ரிக் இராணுவ ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்காக உழைத்த அறிவியலாளர் ஒருவரே அவற்றை அனுப்பினார் என்ற முடிவுக்கு எஃப்பிஐ வந்தது. குற்றம் சாட்டப்படும் முன்பே, 2008 ஜூலையில், அவர் இறந்துவிட்டார். கிருமியின் மூலத்தை அறிவியல் சான்றுகளை மட்டும் கொண்டு உறுதி செய்ய இயலாது என்று தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 2011இல் கூறியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும், அச்சம் உள்ளிருப்பவரை நோக்கித் திரும்பியது. எபோலா, பெரியம்மை, ஆந்த்ராக்ஸ், கோமாரி போன்றவை 2012இல் முதல் அடுக்கு என்று தனியே பிரிக்கப்பட்டன. அவற்றைத் தொடுபவர்களின் மனநிலையும் நம்பகத்தன்மையும் தொடர்ந்து மதிப்பிடப்பட வேண்டும் என்ற விதி வந்தது. சக ஊழியரைப் பற்றிச் சக ஊழியரே புகார் செய்ய வேண்டிய சூழலை அது உருவாக்குகிறது என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆயினும் அந்த விதியை நான் ஆதரிக்கிறேன்.

திருடனும் இல்லை, தீய நோக்கமும் இல்லை என்ற நிகழ்வுகளே என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. 2014 ஜூனில், அட்லாண்டாவில் உள்ள சிடிசி ஆய்வகம் ஒன்று, இறந்துவிட்டதாக நம்பிய ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பாதுகாப்புக் குறைந்த வேறு ஆய்வகங்களுக்குக் கொடுத்ததால், எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தொற்றுக்கு உள்ளாகியிருக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில் அரசு ஆய்வகம் ஒன்றின் குளிரறையைக் காலிசெய்துகொண்டிருந்தவர்கள், பெரியம்மை என்று எழுதப்பட்ட ஆறு கண்ணாடிக் குப்பிகளை ஓர் அட்டைப்பெட்டிக்குள் கண்டார்கள். அவை 1950களைச் சேர்ந்தவை. உலகில் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டுமே இருக்க வேண்டிய வைரஸ் அது; சோதித்தபோது இரண்டு குப்பிகளில் உயிரோடு இருந்தது. யாருக்கும் நினைவில்லாத பொருளை எந்தப் பதிவேடு காட்டும்?

அடுத்த ஆண்டு யூட்டா மாநிலத்தின் டக்வே இராணுவ மையத்தில் வெளிப்பட்டது இன்னும் பெரிது. கதிர்வீச்சால் கொல்லப்பட்டது என்று சான்றளித்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அனுப்பப்பட்ட ஆந்த்ராக்ஸ் மாதிரிகளில் சில உயிரோடு இருந்தன. அவை 50 மாநிலங்களுக்கும் சில வெளிநாடுகளுக்கும் போயிருந்தன. இதில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கிருமி இறந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட நொடியில் அது பட்டியலை விட்டு வெளியேறுகிறது. அதன் பிறகு அது சாதாரணச் சரக்கு. அதாவது சட்டத்தின் எல்லைக்கோடே ஓர் ஆய்வகச் சோதனையின் முடிவில் நிற்கிறது, அந்தச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் அதுவரை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. கொல்லும் முறையைச் சரிபார்த்து நிரூபிக்க வேண்டும், மாதிரியோடு சான்றிதழும் போக வேண்டும் என்ற திருத்தம் 2017இல்தான் வந்தது. கேமராக்களையும் வேலிகளையும் விட இந்த ஒரு திருத்தத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அடுத்தது, தவறைச் சொல்பவருக்கு என்ன நேர்கிறது என்பது. 2003 ஜனவரியில் டெக்சாஸில் ஒரு பிளேக் ஆய்வாளர், முப்பது குப்பிகளைக் காணவில்லை என்று அறிவித்தார். 69 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, 47இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த 47இல் பெரும்பாலானவை ஆய்வு ஒப்பந்தப் பணம் தொடர்பானவை. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. ஆனால் மற்ற ஆய்வகங்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருக்கும்? 2006 பிப்ரவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஓர் ஊழியருக்கு, கால்நடைகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் புரூசெல்லா என்ற கிருமி தொற்றியது, 2007 ஏப்ரல் வரை அரசுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பட்டியல் கிருமிகள்மீதான ஆய்வு அங்கு நிறுத்தப்பட்டு, பத்து லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. மறைத்ததற்கான தண்டனை சரியே. இருந்தாலும், சொன்னாலும் தண்டனை மறைத்தாலும் தண்டனை என்றால், மறைத்துப் பார்ப்போமே என்ற எண்ணம் மனிதருக்கு வரத்தான் செய்யும். விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்தும் ஏற்பாட்டில், விமானி தன் தவறைத் தண்டிக்கும் அமைப்பிடம் சொல்லாமல், தண்டிக்க அதிகாரமற்ற வேறோர் அமைப்பிடம் சொல்கிறார். அதைப்போன்ற ஒன்று கிருமி ஆய்வகங்களுக்கும் வேண்டும் என்பதே என் கோரிக்கைகளில் முதன்மையானது.

சிடிசியின் சொந்த ஆய்வகங்களைச் சிடிசியே சோதித்துவந்த வினோதம் 2012இல் முடிவுக்கு வந்து, அந்தப் பொறுப்பு வேளாண்மைத் துறைக்குப் போனதை வரவேற்கிறேன். ஆனால் ஆய்வை நடத்தவும் அதற்குப் பணம் கொடுக்கவும் செய்கிற துறைகளிடமே கண்காணிப்பு இருப்பதை விட, அந்த வேலையை மட்டுமே செய்யும் தனி அமைப்பு ஒன்று மேலானது.

பட்டியலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதற்குக் கலிபோர்னியாவின் ரீட்லி நகரைப் பார்க்கலாம். 2022 டிசம்பரில், காலியாக இருக்க வேண்டிய ஒரு கிடங்கின் சுவரிலிருந்து தோட்டத்துக் குழாய் ஒன்று நீண்டிருப்பதை நகர நிர்வாகத்தின் கட்டட விதி அலுவலர் ஒருவர் கவனித்தார். உள்ளே உரிமமற்ற ஆய்வகமும், பல நோய்க்கிருமிகளின் பெயர் ஒட்டிய குப்பிகளும், ஏறத்தாழ ஆயிரம் எலிகளும் இருந்தன. பட்டியலில் உள்ள கிருமி இருப்பதற்கான ஆதாரம் இல்லை என்று சிடிசி கூறியது; குப்பிகளில் இருந்தவற்றைச் சோதிக்க அது மறுத்துவிட்டது என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 2023 நவம்பரில் பதிவு செய்தது.