மண்டபம் அப்புறம், முதலில் ஆட்களைத் தேடுங்கள்

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பு இளைஞர் மன்றங்களில் சுற்றித் திரிந்தவர்கள் இப்போது திரும்பவும் ஒன்றுகூட ஆசைப்படுகிறார்கள். அன்றைக்கு இருபது வயதில் இருந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. கையில் போன் இருக்கிறது. நல்ல விஷயம்தான். நானும் அப்படி ஒரு மன்றத்து ஆள்தான். எங்கள் ஆட்களைத் திரட்டும் வேலையில் கொஞ்ச காலமாக இருப்பதால் உரிமையோடு சொல்கிறேன்: பல ஒன்றுகூடல்கள் தப்பான இடத்தில் தொடங்குகின்றன. முதல் பேச்சே தேதி, மண்டபம், பேனர், சாப்பாடு. யார் யாரெல்லாம் வர வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. அதற்குள் சுலபமாகக் கிடைத்தவர்களை வைத்தே விழா முடிந்துவிடுகிறது. சுலபமாகக் கிடைப்பவர்கள் யார்? வசதியாக இருப்பவர்கள், முகநூலில் இருப்பவர்கள், அன்றைக்கும் முன்வரிசையில் நின்றவர்கள்.

பள்ளித் தோழர்கள் கூடுவது வேறு, மன்றத்து ஆட்கள் கூடுவது வேறு. பள்ளிக்கு வருகைப் பதிவேடு உண்டு, படித்து முடித்த ஆண்டு உண்டு. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிளாஸ்மேட்ஸ் தளமும் 2000-இல் பிரிட்டனில் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ் ரீயுனைட்டட் தளமும் பள்ளியின் பெயரையும் ஆண்டையும் வைத்துத்தான் ஆட்களைச் சேர்த்துவைத்தன. மன்றத்துக்கு ஆண்டு ஏது? பதினாறு வயதுப் பையனும் இருபத்தெட்டு வயது அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து கேரம் ஆடிய இடம் அது. படிக்கிறவனும் வேலைக்குப் போகிறவனும் வேலை தேடுகிறவனும் ஒன்றாக இருந்தார்கள். ஒருநாள் வந்தார்கள், பிடித்துப்போய்த் தொடர்ந்து வந்தார்கள், கல்யாணமோ வேலையோ வந்ததும் மெல்ல வராமல் போனார்கள். யாருக்கும் வழியனுப்பு விழாகூட நடக்கவில்லை. அதனால்தான் முழுப் பட்டியல் யாரிடமும் இருப்பதில்லை.

ஒய்.எம்.சி.ஏ. அல்லது சாரணர் போன்ற பெரிய அமைப்பின் கிளையாக இருந்திருந்தால் மேலிடத்தில் ஏதாவது ஆவணம் இருக்க வாய்ப்புண்டு. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற இளம் துணிக்கடை ஊழியர் தன்னைப் போன்ற சிலரோடு தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. இத்தனை காலம் நிலைத்த அமைப்பு காகிதங்களைக் கொஞ்சமாவது பாதுகாத்திருக்கும். நம்முடைய மன்றங்கள் அப்படியா? ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, தீர்மானப் புத்தகம் ஒன்று, சந்தா நோட்டு ஒன்று. அவ்வளவுதான் ஆபீஸ்.

இவற்றில் சந்தா நோட்டுதான் முக்கியம் என்பேன். தீர்மானப் புத்தகத்தில் பேசியவர்களின் பெயர்தான் இருக்கும். போட்டோக்களில் கேமராவுக்கு முன்னால் முண்டியடித்தவர்கள் இருப்பார்கள். எடுத்தவர் எந்தப் போட்டோவிலும் இருக்கமாட்டார். சந்தா நோட்டில்தான் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவரும் இருப்பார். பழைய பொருளாளரின் வீட்டுப் பரணில் அது இன்னும் கிடக்கலாம். முன்னாள் தலைவரைத் தேடும் முன் முன்னாள் பொருளாளரைத் தேடுங்கள்.

அடுத்தது, நினைவு. இளமைக்கால நினைவுகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது நம் கற்பனை இல்லை. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகம் வருகின்றன என்று உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மன்றத்துக்குப் போன வயது சரியாக அதற்குள் விழுகிறது. ஆனால் எல்லாமே ஒரே மாதிரி நினைவில் நிற்பதில்லை. 1975-இல் ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள் முதல் அரை நூற்றாண்டை நெருங்கியவர்கள் வரை கிட்டத்தட்ட நானூறு பேரைச் சோதித்தார்கள். பழைய படங்களைக் காட்டி, இவர்களில் உன்னோடு படித்தவர் யார் என்று கேட்டபோது முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. அதே முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல் என்றபோதோ பெரிய சறுக்கல்.

ஆகவே போன் செய்து "அவரை ஞாபகம் இருக்கிறதா" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். படத்தை அனுப்புங்கள். முகத்தைப் பார்த்ததும் "அட, இவனா!" என்று ஆரம்பித்து நாலு கதை வரும், அதில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். மன்றத்தில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான். நெட்டை, சோடாபுட்டி என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். சொந்தப் பெயர் தெரியாமல் முகநூலில் எப்படித் தேடுவது? அந்தச் சொந்தப் பெயரும் பெரும்பாலும் சந்தா நோட்டில்தான் இருக்கும்.

பெண்கள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. "அவங்களையெல்லாம் கண்டுபிடிக்க முடியலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயரின் பின்பாதி மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், தேடுவது கஷ்டம்தான். ஆனால் தேடினீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பெண் உறுப்பினர் கிடைத்தால் அவர் வழியாக இன்னும் மூன்று பேர் கிடைப்பார்கள். அவர்களுக்குள் தொடர்பு இருந்திருக்கும். முதல் அழைப்பையும் அவரே செய்யட்டும். நாற்பது வருடம் கழித்து முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஆண்குரல் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்த வீட்டிலும் சங்கடம்தான்.

எண் கிடைத்த பிறகும் ஒரு தடை இருக்கிறது: கூச்சம். லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரு ஆய்வாளர்கள் 2024-இல் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். தொடர்பு விட்டுப்போன ஒரு நண்பரிடம் பேச ஆசை இருக்கிறது, எண்ணும் கையில் இருக்கிறது, எழுதி அனுப்ப நேரமும் கொடுத்தாயிற்று. அப்படியும் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே செய்தியை அனுப்பினார்களாம். ஆனால் பெறுகிறவர் பக்கம் நிலைமை வேறு. எதிர்பாராமல் ஒருவர் நம்மைத் தேடி வரும்போது, அனுப்புகிறவர் நினைப்பதைவிட நாம் அதிகமாகவே மகிழ்கிறோம் என்று 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. எனவே ஒவ்வொரு மன்றத்துக்கும் கூச்சமே இல்லாத ஓர் ஆள் தேவை. எங்களிடம் ஒருவர் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் "யாராவது கூப்பிடுங்கப்பா" என்றுதான் பேசிக்கொண்டிருப்போம்.

வரமாட்டேன் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். விட்டுவிடுங்கள். அவருக்கு அங்கே நடந்த அவமானம் நமக்கு வெறும் கிண்டலாகத் தெரிந்திருக்கும். வாழ்க்கை நினைத்தபடி அமையாதவர் "இப்ப என்ன பண்றே?" என்ற கேள்விக்குப் பயப்படுவார். சிலருக்கு உடம்பு, சிலருக்குப் பழைய காதல். காரணம் கேட்க நமக்கு என்ன உரிமை? ஒருமுறை கேளுங்கள், தேதி முடிவானதும் இன்னொரு முறை தகவல் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். சம்மதம் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, அவர் வெளியேறியதும் "லெஃப்ட் ஆயிட்டாரே" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதைப் போல அநாகரிகம் வேறில்லை.

இறந்துபோனவர்களின் பட்டியலையும் முன்கூட்டியே சரிபாருங்கள். விழா நடுவில் ஒருவர் "அவன் எங்கேப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, பதில் தெரிந்து உறைந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் அவர்கள் வீட்டுக்கும் சொல்லுங்கள். பிள்ளைகள் வர விரும்பினால் வரட்டும். அப்பா இருபது வயதில் மேடையில் வசனம் மறந்து நின்றதையும், அம்மா பட்டிமன்றத்தில் எதிரணியை விரட்டியதையும் அவர்களுக்குச் சொல்ல நம்மைவிட்டால் ஆள் இல்லை.

கதைகள் என்றதும் இன்னொன்று. நினைவு, டேப்பில் பதிந்த குரல் இல்லை. இன்னொருவர் சொல்வதைக் கேட்டபின் நம் நினைவும் அதற்கேற்ப வளைந்துவிடும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் போன்ற உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். உரத்த குரலில் பேசுபவரின் கதையே கடைசியில் மன்றத்தின் வரலாறாகிவிடும். கூடும் முன்பே ஒவ்வொருவரையும் தனியாக ஒரு பக்கம் எழுதியோ குரல்பதிவாகவோ அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்துக்கு யார் திரை இழுத்தார் என்று மூன்று பேர் உரிமை கொண்டாடினால் என்ன குறைந்துவிடும்? படிக்கச் சுவையாகத்தான் இருக்கும்.

விழா நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடை வேண்டாம். மேடை இருந்தால் முன்னாள் தலைவர், முன்னாள் செயலாளர், மைக், அப்புறம் ஒரு மணி நேரம் போய்விடும். எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். அறிமுகத்தில் பதவி, சம்பளம், பிள்ளைகள் எந்த நாட்டில் என்பதெல்லாம் வேண்டாம். மன்றத்துக்கு உன்னை முதலில் கூட்டிவந்தது யார் என்று கேட்டால் போதும். செலவுக்கு முடிந்தவர்கள் முடிந்ததைத் தரட்டும். யார் எவ்வளவு தந்தார் என்பதைக் குழுவில் போடாதீர்கள்.

கூடிக் கலைந்த மறுவாரமே யாராவது "மன்றத்தை மறுபடி தொடங்குவோம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்போம்" என்பார். நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். அன்றைய மன்றம் அன்றைய வயதில் இருந்தது. தேர்தல் வைத்தால் பழைய சண்டைகள்தான் முதலில் உயிர்பெறும். மாதாமாதம் கூடாவிட்டால் உறவு அறுந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. 2011-இல் டேனியல் லெவின் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம் பேசாமல் இருந்தவர்களிடம் போய் வேலை விஷயமாக யோசனை கேட்கச் சொன்னார்கள். பழைய நம்பிக்கை அப்படியே இருந்தது. கிடைத்த யோசனைகளும் தினமும் பழகுகிறவர்கள் தந்ததைவிடப் புதிதாக இருந்தன. பேசாமல் கிடந்த காலத்தில் இருவரும் வெவ்வேறு உலகங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்களே.

அதனால் தினமும் குட்மார்னிங் படங்களால் குழுவை உயிரோடு வைத்திருக்க வேண்டியதில்லை. அறிவிப்புகளுக்கு மட்டும் ஒரு குழு, அரட்டைக்கு விரும்புகிறவர்களுக்குத் தனியாக இன்னொன்று. தலைவர், செயலாளர் யாரும் வேண்டாம். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லா எண்களையும் சரிபார்க்க ஒருவர் முன்வந்தால் சரி. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் பட்டியல் அடுத்து யாரிடம் போகும் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.