குழாய் ஒரு நாட்டோடு நிற்பதில்லை

ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் செய்ததைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. ரஷ்ய எரிவாயுவை 2027-க்குள் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நிறுத்தும் சட்டத்தை இரண்டும் எதிர்த்து வாக்களித்தன. தோற்றதும் இறையாண்மை, கோர்ட் என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என் நண்பர்களே கைதட்டுகிறார்கள். அதுதான் வலிக்கிறது.

குழாய் ஒரு நாட்டோடு நிற்பதில்லை. வெளியாளிடம் ஒரு நாடு தனியாகப் பேசி முடிக்கும் பேரத்துக்குப் பக்கத்து நாடும் சேர்ந்துதான் விலை கொடுக்கிறது.

நான் இருக்கும் ஜெர்மனியே சாட்சி. போலந்தும் பால்டிக் நாடுகளும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தின. ஜெர்மனிக்காரர்களோ ரஷ்ய எரிவாயுவை நேரடியாகக் கொண்டுவரக் கடலடியில் 1,224 கிலோமீட்டருக்கு நார்ட் ஸ்ட்ரீம் குழாயைப் போட்டுவிட்டு, இரண்டாவதையும் போட்டு, 'இது வெறும் வியாபாரம்' என்றார்கள். எரிசக்தியில் ஒருவருக்கொருவர் துணை நிற்பது சட்டக் கடமை என்று 2021 ஜூலையில், நார்ட் ஸ்ட்ரீமின் தரைவழித் தொடர்ச்சியான ஓபல் குழாய் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏழே மாதத்தில் உக்ரைன் போர் வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தை மறக்க முடியுமா? மாதம் 90 யூரோ கட்டிக்கொண்டிருந்த ஹீட்டிங் முன்பணம் 240 என்று கடிதம் வந்தது. மகள் குல்லா போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். கீழ்வீட்டுப் பாட்டி மற்ற அறைகளை மூடிவிட்டுச் சமையலறையிலேயே குடியிருந்தார். போய்ப் பார்த்தால் ஓவர்கோட்டோடு மேசையில் உட்கார்ந்திருப்பார். நாடுகளோ தனித்தனியாகச் சந்தைக்குப் போய், ஒருவர் விலையை இன்னொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன.

'ஹங்கேரிக்குக் கடல் இல்லையே' என்பீர்கள். செக் குடியரசுக்கும்தான் இல்லை. அது கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்க நெதர்லாந்து துறைமுகத்தில் இடம் பிடித்து வழி தேடிக்கொண்டது.

'ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 194-வது பிரிவு எரிபொருளைத் தேர்வு செய்யும் உரிமையை நாடுகளிடம்தானே விட்டிருக்கிறது?' சரி, தேர்வு செய்யட்டும். அப்புறம் விற்பவன் குழாயை மூடினால், எல்லோரும் பகிர்ந்து கொடுங்கள் என்று ஏன் கேட்க வேண்டும்?

'ஒன்றியத்தை நடத்தும் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள்' என்பதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தோற்ற ஒன்றிய அவையில் வாக்களித்தவர்கள் அந்தந்த நாட்டு அமைச்சர்கள்.

கடைசியாக ஒருவர், எங்கிருந்தோ வந்த உனக்கு இந்த அரசியல் எதற்கு என்றார். பில் என் பெயரில்தான் வருகிறது ஐயா. கீழ்வீட்டுப் பாட்டி இங்கேயே பிறந்தவர். குழாய் போடும்போது அவரையும் யாரும் கேட்கவில்லை.