இருமொழி தெரிந்த பெண் தேவை

போன மாதம் நாலு நாள் ஒரு தற்காலிக வேலைக்குப் போனேன். பெங்களூரு தும்கூர் ரோட்டில் கட்டடக் கல், உள்அலங்காரப் பொருட்களுக்கான கண்காட்சி. பர்கூர் பக்கம் கிரானைட் யார்டு வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஸ்டால் போட்டிருந்தார். இருமொழி தெரிந்த பெண் தேவை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இருமொழி என்றால் அவர் கணக்கில் தமிழும் இங்கிலீஷும். நாளுக்கு 1,500 ரூபாய், இந்தியும் தெரிந்தால் 500 கூடுதல். எனக்கு இந்தி வராது.

நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ். ஓசூரில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் கன்னடமும் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது ஒரு பெருமையே இல்லை, பூக்காரம்மாவே மூன்றிலும் பேரம் பேசுவார். அதனால் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கிலீஷில்தான் முதலில் சொதப்பினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் பாரடைசோ பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். (நம்மூர்ப் பாறைக்கு இத்தாலியப் பெயர். அங்கே சொர்க்கம் என்று அர்த்தமாம். குவாரித் தூசியில் நிற்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.) முப்பது நாளில் சரக்கு வருமா என்று கேட்டார். அண்ணன், "பண்ணிடலாம்ங்க" என்றார். நான் "யெஸ், வி வில்" என்றேன். அவர் நோட்டை எடுத்துத் தேதியே எழுதிவிட்டார். அவர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்மா, பண்ணிடலாம்னா உடனே பண்றதுன்னு அர்த்தமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதாம்?

மூன்றாம் நாள் ஒரு இன்டீரியர் டிசைனர் அம்மா வந்தார். அவரும் அண்ணனும் என் வழியாகப் பாலிஷ், லெதர் ஃபினிஷ் என்று பேசிக்கொண்டிருக்க, கூட வந்த கான்ட்ராக்டர் பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு தனியே நின்றார். "ஏன் பேக்கு அண்ணா?" என்றேன், கன்னடத்தில் என்ன வேணும் என்று. முகமே மாறிவிட்டது. "நிம்பெஹண்ணு பித்ரெ கலெ ஆகுத்தா?" எலுமிச்சை பட்டால் கறை விழுமா என்கிறார். முந்தின வேலையில் அடுக்களை மேடைக்கு மார்பிள் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். மார்பிளைப் புளிப்பு அரிக்கும், கிரானைட் தாங்கும், ஆனால் எண்ணெய் இறங்காமல் இருக்க சீலர் அடிப்பது நல்லது என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் போய் அந்த அம்மா காதில் என்னவோ சொன்னார். அந்த நாலு நாளில் அட்வான்ஸோடு வந்த ஒரே ஆர்டர் அதுதான்.

சம்பளம் பேசியபடி 1,500 கணக்கில் வந்தது. இந்திக்கு 500 உண்டு, ஆர்டர் பிடித்த கன்னடத்துக்கு ஒரு பைசா இல்லை. ஆந்திராக்காரர்கள் எத்தனை பேரிடம் தெலுங்கில் பேசினேன் என்பதை விடுங்கள். இங்கிலீஷும் இந்தியும் காசு கொடுத்துப் படிப்பது, அதனால் அது தகுதி. பக்கத்து வீட்டில் கற்றால் அது கணக்கிலேயே வராது போல. அண்ணனை மட்டும் குறை சொல்லவில்லை, என் பயோடேட்டாவிலும் அது இல்லையே.

இப்போது எழுதிவிட்டேன். அடுத்த கண்காட்சிக்கு அவரே கூப்பிட்டார். நாலு மொழிங்க அண்ணா, நாளுக்கு 2,500 என்றேன்.

"பார்க்கலாம்மா" என்றிருக்கிறார்.