ரெண்டு அறை விட்டால் சரியாகாது

ஒரு பெண் கோபத்தில் வெடிக்கிற அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் பகிரப் போகிறீர்கள்? அந்தப் பெண்ணுக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர், உணர்ச்சிகள் கட்டுக்குள் நிற்காத ஒரு மனநோய், என்று அவள் அண்ணனே வந்து எழுதிய பிறகும், ‘ரெண்டு அறை விட்டா சரியாயிடும்’ என்ற கமெண்டுக்கு ஹார்ட்டின் விட்டிருக்கிறீர்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே!

சரியாகாது. எங்கள் வீட்டில் அப்பா அறைந்து பார்த்தாயிற்று.

என் தங்கைக்கு இதே நோய். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், ‘நீயும் என்னை விட்டுட்டுப் போகப்போற’ என்று ஆரம்பிக்கும். தட்டு பறக்கும், சுவரில் சாம்பார் வழியும். அப்புறம் அதே பெண் தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே, ரத்தம் கட்டுகிற அளவுக்குத் தன் கையைக் கிள்ளிக்கொள்வாள். கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அங்கே கோபமாக வெடிக்கிறது. ஏறினால் சீக்கிரம் இறங்காது. அது திமிர் இல்லை.

‘கோபம் யாருக்குத்தான் வரல, அதுக்கு ஒரு பேரா?’ என்பீர்கள். 1980-லேயே அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறிய நோய் இது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் இதற்காக உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு, பயிற்சி வழிச் சிகிச்சையின் ஆய்வு 1991-ல் வந்தது. 17 வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் அவர். அதை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். கோபம் உச்சிக்கு ஏறும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கி மூச்சைப் பிடிப்பது, அந்த இடத்தைவிட்டு நகர்வது, அடங்கியபின் எது கிளப்பியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது என ஒவ்வொன்றாகப் பழக்குகிறார்கள். மாத்திரையால் மட்டும் தீராது. இந்த நோய்க்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. அறை எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

‘அப்போ அடி வாங்குறவங்க?’ வாங்க வேண்டாம். வெளியே போய்விடுங்கள், நானும் போயிருக்கிறேன். வீடியோ எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

‘டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?’ காட்டினோம். ‘நடிக்கிறா, கல்யாணம் பண்ணி வைங்க’ என்று அவள் முன்னாலேயே சொன்னார் ஒருவர். டிபிடி தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மா பாதியாகிவிட்டார். இப்போது கோபம் வந்தால், ‘அக்கா, பேசாத, பத்து நிமிஷம் குடு’ என்கிறாள். அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

அது சொந்தக்காரர்களுக்கும் தெரியவில்லை. போன மாதம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு, ‘அவளை மட்டும் விட்டுட்டு வாங்க’ என்றார்கள். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று நடுங்குகிறவளை! நாங்கள் யாருமே போகவில்லை.