ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

நான்கு நாட்களாக இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முகநூலில் அந்தப் பழைய பெட்டியின் படங்களைப் போட்டவர் எனக்கு வேண்டியவர். அந்த வீட்டு முகப்பில் உட்கார்ந்து நான் குடித்த காபிக்குக் கணக்கில்லை. ஆனால் நேற்று இரவு அதே படங்களின் கீழே என்னைப் பற்றி எழுதப்பட்டிருந்ததையும், அதற்குச் சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போன 43 பேரின் பெயர்களையும் பார்த்த பிறகு, பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. எந்த வீடு, என்ன படம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் பெயரை எழுதப்போவதில்லை. தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள்.

தெரியாத ஓரிருவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்காளிகள் பங்கு பிரித்துக்கொண்டபோது அந்த வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஏறக்குறைய 400 வெள்ளி ரூபாய்கள். அத்தனையையும் எடைக்குப் போட்டு, ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு எடுத்துவிட்டார்கள். அடியில் இருந்த காகிதக் கட்டுகளைச் 'செல்லாத நோட்டு' என்று பழைய பாய்களோடு சேர்த்துக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் படங்களின் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அதற்கு வந்த பதில்: "செல்லாக்காசு பொறுக்குகிறவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டுமா?"

அனுமதி என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. கேட்டிருக்கலாம் என்றேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். தொலைபேசி எண்ணும் மாறவில்லை.

முதலில் வெள்ளியைப் பற்றியே பேசுகிறேன். எல்லோருக்கும் புரிகிற கணக்கு அதுதான். ஒரு வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். விக்டோரியா ராணி காலத்து ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. யுத்தத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940 முதல் அது பாதிப் பங்காகக் குறைந்தது. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1947ஆம் ஆண்டிட்ட ரூபாயில் வெள்ளி அறவே இல்லை, முழுக்க நிக்கல். ஆகவே எடைக்கு எடுக்கிற எவரும் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காசையும் புரட்டி ஆண்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதில் உள்ள வேடிக்கை புரிகிறதா? தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் பார்க்காத ஆண்டை, அரை மணி நேரத்தில் வேறொருவர் பார்த்துவிட்டார். 1939ஆம் ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் எவ்வளவு அரிது என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1911ஆம் ஆண்டு ரூபாய்க்கு ஒரு கதையே உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்திருந்த யானை, பன்றியைப்போல் தெரிகிறது என்று மக்கள் முகம் சுளித்ததால், அச்சடித்தவற்றில் பெரும்பகுதியை வெளியே விடாமல் நிறுத்திவிட்டு, மறு ஆண்டு யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றும் அதைத் தேடுகிறார்கள். தராசுக்கு 1911ம் ஒன்றுதான், 1919ம் ஒன்றுதான்.

அந்தப் பெட்டியில் இவை இருந்தன என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் மேலே கிடந்த ஏழெட்டுக் காசுகள்தான் தெரிந்தன. ஒன்று ராணித் தலை, இரண்டு கிரீடம் இல்லாத எட்வர்டின் மொட்டைத் தலை, மீதி ஜார்ஜ். எல்லாம் முகம் மேலே பார்க்கக் கிடக்கின்றன. ஆண்டு பின்பக்கத்தில் இருக்கிறது. நான்கு நாட்களாக அந்தக் காசுகளின் முதுகைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு மாலைப் பொழுதில் 400 காசையும் புரட்டி ஆண்டுவாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அதற்குப் பிறகு விளக்கு செய்திருந்தாலும் எனக்குப் பேச்சில்லை.

"சாமி காரியத்துக்குத்தானே செய்தோம், அதில் என்ன குற்றம்?" என்று அந்த வீட்டு ஆச்சி கேட்டதாகச் சொன்னார்கள். குற்றமே இல்லை ஆச்சி. விளக்கு நன்றாக இருக்கிறது.

"எங்கள் சொத்து, எங்கள் இஷ்டம்" என்கிறார்கள். சரி. வாதத்துக்காக அல்ல, உண்மையாகவே ஒப்புக்கொள்கிறேன். சட்டப்படியும் அதுதான் சரி. வீட்டைக்கூட இப்படித்தான் பிரித்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் பழம்பொருள் கடை வாசலில் வெயில் காய்வதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போகிற எவரும் பார்க்கலாம். அந்தத் தூணாவது இன்னொருவர் வீட்டில் தூணாகவே நிற்கும். உருக்கிய காசு எங்கே நிற்கும்?

அடுத்தது, உண்மையிலேயே எனக்கு வலித்தது. "குறைந்த விலைக்கு அடித்துக்கொண்டு போகத்தான் இந்த ஆள் இப்படிப் பதறுகிறார்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எனக்கு வயது 58. முப்பது ஆண்டுகளாகக் காசு சேர்க்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டில் பெட்டி திறக்கிறார்கள் என்று கூப்பிட்டால் போவேன். எந்தக் காசு என்ன என்று எழுதிக் கொடுப்பேன். வெளியே என்ன விலை போகும் என்பதையும் சொல்வேன். அந்த வீட்டிலிருந்து ஒரு தம்பிடிகூட விலைக்கு வாங்க மாட்டேன். இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. அந்த விதிக்கு முன்னால் ஒரே ஒரு முறை தவறியிருக்கிறேன். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளை வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால். பல ஆண்டுகளுக்கு முன்பு சந்தையில் பழைய பாத்திரம் விற்ற ஓர் அம்மாவிடம் வெள்ளி விலைக்கு ஒரு ரூபாய் வாங்கினேன். அது 1939. எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா அங்கே இல்லை. அந்தக் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, விற்கவில்லை. விற்காததால் நான் செய்தது சரியாகிவிடாது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த விதி பிறந்தது அன்றைக்குத்தான். முப்பது ஆண்டில் ஒரு முறை தவறியவனை அடித்துக்கொண்டு போகிறவன் என்பீர்களானால், சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. "அண்ணே, டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா நோட்டு இருக்கு, பத்து லட்சம் வருமாமே?" என்று வாரம் இருவராவது கேட்கிறார்கள். 786 என்று முடிகிற நோட்டை லேமினேஷன் செய்து பூஜை அறையில் வைத்திருக்கிறவர்களையும் தெரியும். இவர்களுக்காகவே ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் ஓர் எச்சரிக்கை விட்டது: பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை, அதன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவர்களை நம்பாதீர்கள் என்று. ஆக, ஒரு பாதிக்குப் பழைய காசு பத்து லட்சம், மறு பாதிக்குப் பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம். நடுவில் நின்று 'இது என்ன காசு' என்று கேட்பவன் பைத்தியக்காரன்.

பைத்தியம் எங்கே பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தித் தங்கியிருந்த கட்டடத்தில், சமையலாளாக இருந்தவர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முன்பே கப்பலேற முடிந்தவர்கள் ஏறினார்கள். முடியாதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஐயாவுக்குக் காலில் ஊனம். கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள நின்ற அடுத்தாளோடு, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த பணியாளோடு, இவரும் நின்றுவிட்டார். மூன்று ஆண்டுச் சம்பளம் ஜப்பான் நோட்டில். ரூபாய் என்றுதான் போட்டிருக்கும்; சில்லறைக்கு மட்டும் அணாவுக்குப் பதில் சென்ட். வரிசை எண் கிடையாது. இரண்டு ஆங்கில எழுத்து மட்டும், அதில் முதல் எழுத்து பர்மா என்றால் 'பி', மலாயா என்றால் 'எம்'. எண்ணே இல்லாத நோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அடித்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது அத்தனையும் வெறுங்காகிதம். ஐயா அந்தக் காகிதத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்.

நாங்கள் அதை வைத்துத்தான் கடை விளையாட்டு விளையாடுவோம். "செல்லாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு ஐயா சுமந்துக்கிட்டு வந்தீக?" என்று ஒரு நாள் கேட்டேன். "மூணு வருசம் அடுப்புல வெந்திருக்கேன். கையில என்ன இருக்குன்னு உங்க அப்பத்தா கேட்டா எதைக் காட்ட?" என்றார். அப்பத்தா கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. டப்பா என்னிடம் இருக்கிறது, 61 நோட்டுகள். சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை ஒன்றும் இல்லை. உலகம் முழுக்கக் கிடைக்கிற நோட்டு. செல்லாக்காசு பொறுக்குகிறவன் என்று எழுதியவருக்கு ஒரு சிறு திருத்தம்: நான் பொறுக்கியதில்லை. எங்கள் வீட்டுக்கு அது கூலியாக வந்தது.

சேகரிப்பது என்றால் பெட்டியில் பூட்டி வைப்பது என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல, காசு சொல்வதைப் படிப்பது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் ஒரு பானை கிடைத்தது. அதில் 501 ரோமப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று இன்றுவரை ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கண்டவுடன் ஒரு பத்தரிடம் கொடுத்திருந்தால் நல்ல காசுமாலைகள் கிடைத்திருக்கும், அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. 'பெருவழுதி' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் காட்டினாரே, அது நகத்தளவு செம்பு. எடைக்கு என்ன தேறும்? சங்க இலக்கியத்தில் படித்த பெயர் காசில் இருக்கிறது என்று தெரிந்தது, யாரோ அதை உருக்காமல் விட்டதால்தான்.

உருக்குவது ஒன்று, தேய்த்து விளக்குவது இன்னொன்று. இதையும் சொல்லியாக வேண்டும். என் அயித்தை ஒருத்தி நவராத்திரிக்குப் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அரிசியோடு கொடுத்த செப்புக் காசான அம்மன் காசு பத்துப் பன்னிரண்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நான் வந்து பார்க்கப்போகிறேன் என்று தெரிந்ததும் பாசத்தோடு புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள். தங்கம்போல் மின்னின. அம்மன்தான் இல்லை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போட்ட பணியாரத்தைத் தின்றுவிட்டு வந்தேன். அவள் எனக்காகச் செய்தாள் என்பதும், இவர்கள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பதும் வேறு வேறு என்றுதான் இப்போது படுகிறது.

"செல்லாத நோட்டை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், அதனால்தான் எரித்தோம்" என்று ஒருவர் சட்டமும் சொல்லியிருக்கிறார். ஐயா சட்ட நிபுணரே, 2016இல் செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பற்றி 2017இல் வந்த சட்டம் அது. அந்தச் சட்டமே யாரும் மொத்தம் பத்து நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்றும், படிப்பு, ஆய்வு, நாணயவியல் என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அரசாங்கத்துக்குக்கூட எங்களைப்போன்ற பைத்தியங்கள் இருப்பது தெரிந்திருக்கிறது. எரிந்தவையோ 500 ரூபாய் நோட்டுகளே அல்ல.

அதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் படத்தில், பெட்டியின் இடது மூலையில், நூல் சுற்றிய கட்டு ஒன்று தெரிகிறது. மேல் நோட்டில் 'பி' என்ற எழுத்தைப் படிக்க முடிகிறது. நூலுக்கும் நோட்டுக்கும் நடுவில் பழுப்பேறிய ஒரு சீட்டு, அதில் தமிழில் மையால் எழுதிய மூன்று வரி. வசூல் வந்த பணமா, யாருக்காவது கொடுக்க எடுத்து வைத்த பணமா, எந்த ஊர், எந்தத் தேதி என்பதெல்லாம் அந்த மூன்று வரியில் இருந்திருக்கும். முதல் வரி ஏதோ ஓர் ஆள் பெயர்போல இருக்கிறது. எத்தனை பெரிதாக்கினாலும் எழுத்து உடைந்துவிடுகிறது; படிக்க முடியவில்லை. ரங்கூன் கிட்டங்கியில் ஒரு சமையலாளுக்குச் சம்பளம் எண்ணி வைத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்களாகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ கிட்டங்கிகள், எத்தனையோ வீடுகள்.

அந்தப் படத்தை எடுத்த தம்பிக்கு: உன் கைப்பேசியில் அசல் படம் இருக்கும். முகநூலில் போட்டால் தெளிவு குறைந்துவிடும். நான் வீட்டுக்கு வர மாட்டேன், ஒன்றும் கேட்க மாட்டேன். அந்த மூலையை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பு.