நனைக்க வந்தவர்கள்

எங்கள் தியான மண்டபத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள். இந்த முறை எல்லா வேலையையும் ஒப்பந்ததாரரிடமே விட்டுவிடலாம் என்று பேச்சு. எனக்கு அதில் சம்மதமில்லை.

பழைய மண்டபத்துக்குக் கூரைத் தளம் போட்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுபது பேருக்கு மேல் வரிசையாக நின்று கலவை நிறைந்த பாண்டுச் சட்டிகளைக் கைமாற்றினோம். நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் போகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதனால் விடியற்காலையில் தொடங்கி இருட்டும்வரை கை ஓயவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கூடத்தில் கண் மூடி உட்கார்ந்தும் பேர் தெரியாமல் இருந்தவர்கள், அன்றுதான் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாளைப் பற்றி. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். வந்தது ஒன்பது பேர். நாலாம் நாள் மூன்று பேர்.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகும். குறைந்தது 7 நாள், வெயில் காலமென்றால் அதற்கு மேலும், ஈரம் விடக்கூடாது. அதன் பலத்தைச் சோதித்துக் கணக்கிடுவது 28ஆம் நாளில். நாங்கள் மூன்று பேரும் பதினான்கு நாள் காலையும் மாலையும் குடம் சுமந்து ஏறினோம். பெரும்பாலும் பேச்சே இருக்காது. பாத்தி உடைந்த இடத்தை ஒருவர் அடைப்பார், இன்னொருவர் ஊற்றுவார். எனக்குத் தியானம் கைகூடியது அந்த மொட்டைத் தளத்தில்தான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மாலி நாட்டின் ஜென்னே நகரில் 1907இல் கட்டிய மண் மசூதி இருக்கிறது. மழை கரைக்கும் சுவருக்கு ஆண்டுதோறும் ஊரே கூடிப் புதிதாக மண் பூசுகிறது. கட்டி முடித்தபின் வரும் வேலைதான் அந்த இடத்தை அவர்களுடையதாக வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பி கட்டுவதும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிப்பதும் தெரிந்தவர்கள் செய்யட்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் ஆர்வம் மட்டும் போதாது. ஆனால் புதுத் தளத்துக்குத் தண்ணீர் விடும் வேலையை மட்டுமாவது நமக்கு விடுங்கள். கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். காலை முறைக்கு என் பேரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், மாலைக்கு இரண்டு பேர் வேண்டும்.